பெட்டியில் இருக்கும் வெள்ளி ரூபாய்: அசலா, எவ்வளவு பெறும், யாரிடம் போவது?

(மயிலத்தில் பொதுமக்களிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

கூட்டம் தொடங்கும் முன்பே மூன்று பேர் முந்தானையிலும் சட்டைப் பையிலும் முடிந்து வைத்திருந்த காசுகளை என்னிடம் காட்டிவிட்டார்கள். மூன்று பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது எவ்ளோ பெறும் சார்?" அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அந்தக் கேள்வியை இரண்டாக உடைக்க வேண்டியிருக்கிறது. இது அசல் வெள்ளியா என்பது ஒரு கேள்வி. வெள்ளி விலைக்கு மேல் யாராவது இதற்குக் காசு தருவார்களா என்பது இன்னொரு கேள்வி. நம்ம ஊரில் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் கிடைத்ததும், இரண்டாவதுக்கும் அதே பதில்தான் என்று நம்பிவிடுகிறார்கள். அசலாக இருப்பது வேறு, அரிதாக இருப்பது வேறு.

முதலில் அசல் விஷயத்தைப் பார்ப்போம். அதை நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் தாத்தா பாட்டி காலத்துப் பெட்டியில் கிடைப்பது பெரும்பாலும் ராஜா தலை, ராணி தலை போட்ட ஒரு ரூபாய்தான். ஆங்கிலேயக் கம்பெனி 1835-இல் இந்தியா முழுவதுக்கும் ஒரே அளவான ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 11.66 கிராம். அதில் வெள்ளி 91.7 விழுக்காடு, மீதி செம்பு. நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் வரைக்கும் இந்தக் கணக்கு மாறவே இல்லை. அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92, இரண்டணா 1.46. தலை மாறினாலும் எடை மாறாது. நமக்கு இது பெரிய வசதி.

மாற்றம் வந்தது ஆறாம் ஜார்ஜ் காலத்தில். உலகப் போர் வந்து வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஆனதும், 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எடை அதே 11.66 தான், ஆனால் வெள்ளி 50 விழுக்காடு. அந்தக் காசின் விளிம்பைத் தடவிப் பார்த்தால், வரிவரியாக இருப்பதன் நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். கள்ளக் காசு அடிக்க முடியாதபடி செய்த ஏற்பாடு அது. பெட்டியில் 1918 ரூபாயும் 1944 ரூபாயும் கலந்து கிடக்கும். கடைக்காரர் எல்லாவற்றையும் பாதி வெள்ளி என்று கணக்குப் போட்டால் நஷ்டம் உங்களுக்கு. நீங்கள் எல்லாவற்றையும் முழு வெள்ளி என்று நினைத்திருந்தால், நேர்மையான கடைக்காரரிடமும் சண்டைக்குப் போவீர்கள். ஆகவே போவதற்கு முன்பே ஆண்டு வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1947 என்று போட்டு, ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலையும் மறுபக்கம் புலியும் உள்ள ரூபாய் நிறைய வீடுகளில் இருக்கிறது. பளபளவென்று இருக்கும். அது வெள்ளியே இல்லை, நிக்கல். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். காசு அசல்தான், அரசு அடித்ததுதான், வெள்ளி மட்டும் இல்லை. இதே போலத்தான் காந்தி நூற்றாண்டுக்கு 1969-இல் வந்த காசுகளும். அதில் 10 ரூபாய் நாணயம் மட்டும் வெள்ளி: 15 கிராம் எடை, 80 விழுக்காடு வெள்ளி. கணக்குப் போட்டால் 12 கிராம் சுத்த வெள்ளி, விக்டோரியா ரூபாயைவிடக் கூடுதல். அதே வரிசையில் வந்த மஞ்சள் நிற 20 பைசாவைச் சிலர் தங்கம் கலந்தது என்று சொல்லி விற்கிறார்கள். அதில் பொட்டுத் தங்கம் கிடையாது.

சரி, சோதிப்பது எப்படி? காந்தம் முதல் படி. ஒட்டினால் வெள்ளி இல்லை என்று உறுதி. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று அர்த்தம் இல்லை. பித்தளை ஒட்டாது, ஈயம் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது. பனிக்கட்டியை மேலே வைத்தால் சீக்கிரம் உருகும் என்று செல்போனில் வீடியோ வருகிறதே, அதை நம்பாதீர்கள். செம்பின் மேல் வைத்தாலும் அப்படித்தான் உருகும்.

இரண்டாவது எடை. பழைய காசு தேய்ந்திருக்கும், அதனால் 11.66-க்குக் கொஞ்சம் குறைந்து 11.3, 11.4 என்று வந்தால் பயப்பட வேண்டாம். கூடுதலாக 12 கிராம் காட்டினால்தான் சந்தேகம். காசு தேயும், வளராது.

மூன்றாவது சோதனை கொஞ்சம் பொறுமையாகச் செய்ய வேண்டியது. ஆனால் இதைப் போல நம்பகமான வீட்டுச் சோதனை வேறு இல்லை. கிராமில் இரண்டு தசம இலக்கம் காட்டுகிற சின்னத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாலு வீட்டுக்கு ஒன்று போதும். ஒரு டம்ளரில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வையுங்கள். பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீரில் முழுசாக மூழ்கும்படி தொங்க விடுங்கள். அடியில் தொடக்கூடாது, ஓரத்திலும் இடிக்கக்கூடாது. நூல் உங்கள் கையில் இருக்கட்டும். இப்போது தராசு காட்டுகிற எண்தான் காசு தள்ளிய தண்ணீரின் எடை. முழு எடையுள்ள 91.7 விழுக்காட்டு வெள்ளி ரூபாய் என்றால் 1.13 கிராம் அளவில் நிற்கும். பாதி வெள்ளி ரூபாய் 1.2-ஐ ஒட்டிக் காட்டும். ஜெர்மன் சில்வரில் செய்த போலி 1.3-ஐத் தாண்டிவிடும். ஈயத்துக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தால் 1.03-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். தேய்ந்த காசாக இருந்தால், காசின் எடையை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். முழு வெள்ளி ரூபாய்க்கு 10.3 அளவில் வர வேண்டும். குமிழி ஒட்டியிருந்தால் எண் தப்பாக வரும், லேசாக ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று தடவை செய்து ஒரே எண் வந்தால் நம்பலாம்.

சங்க காலத்தில் இந்த வேலைக்கென்றே ஆள் இருந்தார்கள். காசின் தரம் பார்ப்பவருக்கு வண்ணக்கர் என்று பெயர். புலவர்கள் சிலர் பெயரிலேயே 'வண்ணக்கன்' என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்பாடு நோட்டக்காரர், சராப் என்றார்கள். பழைய ரூபாயில் ஓரத்தில் சின்னச் சின்னக் குத்து, வெட்டுக் குறி இருந்தால் அது பெரும்பாலும் அந்தச் சராப்புகள் சோதித்துப் போட்ட முத்திரை. அதைக் கண்டு போலி என்று நினைத்துவிட வேண்டாம்.

கண்ணால் பார்க்க வேண்டியதும் உண்டு. அசல் ரூபாய் அச்சில் அடித்தது. எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், அல்லது சீராகத் தேய்ந்திருக்கும். வார்ப்பில் ஊற்றிய போலியில் எழுத்து உப்பிப்போய் இருக்கும், ஊசி முனை அளவுக் குழிகள் தெரியும், விளிம்பில் இரண்டு பாதி சேர்ந்த கோடு ஓடும். பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் செல்போனில் பெரிதாக்கிப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக வந்தால் காசு அசல் வெள்ளி. இனி இரண்டாவது கேள்வி.

வெள்ளி விலை அளவுக்குக் கட்டாயம் பெறும். கணக்கு எளிது. முழு எடையுள்ள பழைய ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம். 1940-க்குப் பிந்தியதில் 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதுதான் அடித்தளம். அதற்குக் கீழே எவராவது கேட்டால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உருக்கும் செலவு, தேய்மானம் என்று ஏதோ ஓர் அளவு கழிப்பார்கள், பாதியைக் கழிக்கக்கூடாது.

அதற்கு மேல் பெறுமா என்பது ஆண்டின் பழமையைப் பொறுத்தது இல்லை. இது பலருக்கும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, நூற்று அறுபது வருஷத்துக் காசு என்று பெருமைப்படுவோம். ஆனால் அந்த ஆண்டைக் காசில் மாற்றாமலே 1874 வரைக்கும் அடித்துத் தள்ளினார்கள். 1840 ரூபாயும் அப்படித்தான், இருபது வருஷத்துக்கு மேல் அதே ஆண்டு. ஆகவே அவை ஏராளம். ஐந்தாம் ஜார்ஜின் 1918 ரூபாய் இன்னும் ஏராளம். கல்கத்தா, பம்பாய் இரண்டு கம்பட்டங்களிலும் சேர்த்து அந்த ஒரே ஆண்டில் 40 கோடிக்கு மேல் அடித்தார்கள். முதல் உலகப் போர்ச் செலவுக்கு வெள்ளி போதாமல் போய், அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, அதில் பெரும்பகுதியை இந்தியாவுக்காக இங்கிலாந்துக்கு விற்றது. உங்கள் பாட்டி சுருக்குப் பையில் இருந்த ரூபாய் அதற்கு முந்தி அமெரிக்க டாலராக இருந்திருக்கக்கூடும். கதை சுவையானதுதான், விலை மட்டும் வெள்ளி விலையை ஒட்டியே நிற்கும்.

அப்படியானால் எது அரிது? 1939 ஆண்டிட்ட ரூபாய் அரிது. அதனாலேயே 1938-இல் உள்ள 8-ஐச் சுரண்டி 9 ஆக்கிய வேலைப்பாடுகள் சந்தையில் உலவுகின்றன. கடைசி இலக்கத்தைச் சுற்றி மட்டும் சுரண்டல் தெரிகிறதா என்று பாருங்கள். 1921, 1922 பம்பாய் ரூபாய்கள் குறைவாக அடிக்கப்பட்டவை. 1911 ரூபாய்க்கு ஒரு தனிக் கதை. ராஜா அங்கியில் இருந்த யானை உருவம் பன்றி மாதிரித் தெரிகிறது என்று மக்கள் முணுமுணுக்க, அரசு அதைத் திரும்பப் பெற்று அடுத்த ஆண்டு யானையைத் திருத்தி அடித்தது. அதைச் சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். இந்த ஆண்டுகள் உங்களிடம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், தனியாக எடுத்து வையுங்கள்.

இந்தப் பகுதிக்காரர்களுக்கு என்று சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மயிலத்தைச் சுற்றி ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டருக்குள் காசு அடித்த ஊர்கள் பல. செஞ்சிக்கோட்டையை 1698-இல் பிடித்த மொகலாயர்கள் அதற்கு நுஸ்ரத்கட் என்று பெயரிட்டு, அந்தப் பெயரிலேயே காசு வெளியிட்டார்கள். கடப்பாக்கம் பக்கத்தில் இடிந்து கிடக்கிறதே ஆலம்பரைக் கோட்டை, அங்கே கம்பட்டம் இருந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், கவர்னர் துய்மா காலத்தில், 1736-இல் ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கானிடம் அனுமதி வாங்கி ரூபாய் அடித்தார்கள். அதுதான் ஆற்காடு ரூபாய். அதில் ராஜா தலை கிடையாது. பாரசீக எழுத்து மட்டும்தான். காசு சின்னதாக, தடிமனாக இருக்கும். அச்சு காசைவிடப் பெரியது என்பதால் எழுத்து ஓரங்களில் வெட்டுப்பட்டிருக்கும். விளிம்பில் வரி இருக்காது. பிறை அடையாளம் இருந்தால் பாண்டிச்சேரிக் காசு. தாமரை இருந்தால் சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனி அடித்தது.

வீடுகளில் நடப்பது என்னவென்றால், ராணி தலை போட்ட காசைப் பட்டுத் துணியில் சுற்றி வைக்கிறோம். எழுத்து புரியாத, கோணலான இந்தக் காசை "ஏதோ உருதுக் காசு" என்று பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிடுகிறோம், இல்லையென்றால் கொலுசு செய்ய உருக்கிவிடுகிறோம். ஆற்காடு ரூபாய் எல்லாமே பெரிய விலை போகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் எது சாதாரணம், எது அரிது என்பதைப் படிக்கத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். அதனால் உருக்குவதற்கு முன் ஒரு தடவையாவது காட்டுங்கள். பாண்டிச்சேரிப் பக்கம் பிரெஞ்சுக்காரர் செம்புக் காசில் 'புதுச்சேரி' என்று தமிழிலேயே எழுதி அடித்ததும் உண்டு. வெள்ளி இல்லை என்பதற்காக அதையும் தூக்கிப் போட வேண்டாம்.

இன்னொரு பக்கம், சாமி படம் போட்ட 'கம்பெனிக் காசு'. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, அரையணா. பூஜை அறையில் வைத்தால் செல்வம் சேரும், அரிசியை இழுக்கும் என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். அப்படி ஒரு காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. அது பிற்காலத்தில் செய்த டோக்கன். கும்பிடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை, பணம் கொடுத்து முதலீடாக வாங்காதீர்கள். அதே சமயம், சாமி உருவம் இருந்தாலே போலி என்றும் முடிவு கட்டிவிட முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கம்பட்டத்தில் அடித்த வெள்ளி அரை வராகன், கால் வராகனில் ஒரு பக்கம் கோபுரமும் மறுபக்கம் விஷ்ணுவும், தமிழ் தெலுங்கு எழுத்துகளும் இருக்கின்றன. அவை அசல், மதிப்புள்ளவையும்கூட.

தயவு செய்து காசைத் தேய்க்காதீர்கள். புளி, திருநீறு, பாத்திரம் விளக்குகிற பொடி, எதுவும் வேண்டாம். நூறு வருஷமாகப் படிந்த கருப்பு நிறத்துக்குத்தான் சேகரிப்பவர் விலை கொடுக்கிறார். தேய்த்துப் பளபளப்பாக்கினால் அது வெறும் வெள்ளித் துண்டு. காசுமாலைக்காக வளையம் பற்ற வைத்த காசும் அப்படியே. கடையில் அரத்தால் ராவிப் பார்க்கவும் விடாதீர்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், ஹால்மார்க் மையங்களில் கதிர் விழவைத்து உலோகம் கண்டுபிடிக்கிற எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரம் இருக்கிறது. காசில் கீறல்கூட விழாது. ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். கனமான முலாம் பூசியிருந்தால் ஏமாறலாம். அதனால்தான் தண்ணீர்ச் சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொன்னேன்.

இப்போது பணம் போகிற இடத்துக்கு வருகிறேன். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மா. நூறு நாள் வேலைக் கூலியில் சேர்த்து வைத்த பணம். மாதா வைஷ்ணோதேவி படம் போட்ட காசு பத்து லட்சத்துக்குப் போகும் என்று செல்போனில் விளம்பரம் பார்த்து எண்ணை அழுத்தியிருக்கிறார். எதிர்முனையில் மிகவும் மரியாதையான பேச்சு. முதலில் பதிவுக் கட்டணம். பிறகு ஜி.எஸ்.டி. பிறகு ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு கடிதம், அதற்கு ஒரு கட்டணம். நாலாவது தவணைக்குக் கம்மலை அடகு வைக்கப் போன இடத்தில்தான் அவருடைய தங்கை மகன் பார்த்துத் தடுத்திருக்கிறான். அந்தக் காசு 2012-இல் அரசு வெளியிட்டது, இன்றும் செல்லும், ஐந்து ரூபாய்க்கு ஐந்து ரூபாய்.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவிப்பு வெளியிட்டது: பழைய காசு, நோட்டு வாங்கி விற்கிற விஷயத்தில் நாங்கள் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, எங்கள் பெயரில் வசூலிக்க எவருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று. உங்கள் பொருளை வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் முன்பணம் கேட்டால் அவர் வாங்க வரவில்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மணிக்கணக்கில் தாமதிக்காமல் பேசினால் அனுப்பிய பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது.

நல்ல காசு இருக்கிறது, நியாயமாக விற்க வேண்டும், என்ன செய்வது? முதலில் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்து, எடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயவியல் பிரிவு இருக்கிறது. என்ன காசு என்று அடையாளம் தெரிந்துகொள்ள அங்கே கேட்டுப் பார்க்கலாம். விலை சொல்வது அவர்கள் வேலை அல்ல. விலைக்கு, ஒரே கடையில் முடிக்காமல், நாணயக் கண்காட்சிகளில் இரண்டு மூன்று பேரிடம் காட்டிக் கேளுங்கள். நூறு ஆண்டைத் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடுகிறது. அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரில் இருக்கிற மகனிடம் கொடுத்தனுப்பினால் நல்ல விலை வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளப் போவது அந்தப் பிள்ளைதான்.

கடைசியாக, மண்ணில் கிடைத்த காசு. இதுவரை சொன்னதெல்லாம் வீட்டில் பரம்பரையாக வந்த காசுக்கு. கிணறு வெட்டும்போது, ஏர் ஓட்டும்போது, பழைய வீட்டுச் சுவரை இடிக்கும்போது பானையில் காசு கிடைத்தால் அது புதையல். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். "சொன்னா கவர்மென்ட்டு எடுத்துக்கும், நமக்கு ஒண்ணும் கிடைக்காது" என்று பயந்துதான் மறைக்கிறார்கள். சட்டத்தில் இருப்பது அப்படி அல்ல. உரிமை கோர யாரும் இல்லாத புதையல் என்று ஆட்சியர் அறிவித்த பிறகு, கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்றால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே வைத்துக்கொள்ள விரும்பினால், உலோக மதிப்பும் அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மறைத்தால்தான் பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. உலோகத்துக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு என்பது அரிய காசுக்குக் குறைவுதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இரவோடு இரவாக எடைக்குப் போட்டால் அதுவும் வராது, வழக்கு மட்டும் வரும்.

2020-இல் திருவானைக்காவல் கோயிலில் மண் தோண்டியபோது 505 தங்கக் காசுகள் ஒரு பாத்திரத்தில் கிடைத்தன. 1.716 கிலோ எடை. எண்ணி, எடை போட்டு, வருவாய்த் துறையிடம் ஒப்படைத்தார்கள். நம்ம ஊரிலும் வழி அதேதான். காசை அங்கேயே, கிடைத்த பானையோடு வைத்துவிட்டு, படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல் விழுப்புரம் ஆட்சியருக்கு ஒரு மனு: என்ன பொருள், எத்தனை, தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தாலும் சரி, பதிவுத் தபாலில் அனுப்பினாலும் சரி. கண்டெடுத்தவர் பெயர், நிலத்துக்காரர் பெயர் இரண்டையும் எழுதுங்கள். நூறு நாள் வேலையில் நாலு பேர் சேர்ந்து தோண்டியிருந்தால் நாலு பேர் பெயரும் வரட்டும். ஒப்புகைச் சீட்டை வாங்கி, பத்திரத்தோடு வையுங்கள்.